கேமராவுக்கு இந்தப் பக்கம்

வாரத்துக்கு ஒரு நாள், இரவில் அரை மணி நேரம் வரும் நகைச்சுவைத் தொடரில் விளம்பரங்களைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். திரையில் ஏழெட்டு முகங்கள் வந்து போகும். கேமராவுக்கு இந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர் வேலை செய்திருப்பார்கள். கதை பேசியவர், வசனம் எழுதியவர், லைட்மேன், மேக்கப்மேன், காஸ்ட்யூமர், ஆர்ட் அசிஸ்டென்ட், புரொடக்‌ஷன் மேனேஜர், டீ கொண்டுவரும் தம்பி, எடிட்டர், டப்பிங் கலைஞர் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் நானும் இருந்தேன்.

எனக்கு ஊர் உளுந்தூர்பேட்டை. விழுப்புரத்தில் தமிழ் படித்துவிட்டு, சென்னை பஸ் ஏறி, சாலிகிராமத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்து, சின்னத்திரையில் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி ஒரே நகைச்சுவைத் தொடரில் கழிந்தது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கடைத்தெருவில் பார்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “ஏம்மா, அந்த வூட்டு ஓனரா வருவாரே, அவரு நெஜத்துலயும் அவ்ளோ கஞ்சனா?” அவர் யூனிட்டுக்கே தன் கைக்காசில் பிரியாணி வாங்கிக் கொடுக்கிறவர் என்றால் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்ப மறுப்பதுதான் எங்கள் வேலைக்குக் கிடைத்த மரியாதை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

கதைக்கு முன்னால் ஒரு நோட்டு

சினிமாவில் காமெடி இரண்டரை மணி நேரத்தோடு முடிந்துவிடும். தொடரில் அதே ஆட்கள் வாராவாரம் வீட்டுக்குள் வருகிறார்கள். கஞ்சன் பாத்திரம் சட்டைப்பையைத் தொட்டாலே ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்றால், அதற்கு முந்தைய நூறு வாரம் அவர் அந்தப் பையிலிருந்து காசு எடுக்காததுதான் காரணம். நீண்ட நாள் ஓடும் நகைச்சுவையின் மூலதனம் ஞாபகம். பார்வையாளருக்கு இருக்கும் ஞாபகம் எங்களுக்கும் இருந்தாக வேண்டும்.

அதற்காக நாங்கள் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தோம். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு எந்த ஊர், யார் மூக்குக் கண்ணாடி போடுவார், யார் கத்திரிக்காய் தொட மாட்டார், எந்த எபிசோடில் யார் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுத்தாளர்கள் மாறுவார்கள். புதிதாக வருபவர் நல்ல கதையோடுதான் வருவார். “ஓனரோட அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க” என்று ஆரம்பிப்பார். நோட்டைப் புரட்டினால், அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த அம்மாவை அத்தையாக மாற்றுவது டிஸ்கஷனில் ஐந்து நிமிட வேலை. ஒளிபரப்பான பிறகு மாற்ற முடியாது. தஞ்சாவூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன் வந்துவிடும்.

பாத்திரம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு எம்.எஸ்.பாஸ்கரைப் பாருங்கள். ராடான் தயாரிப்பில் சன் டிவியில் வந்த ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் அவர் பட்டாபி. அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அழவும் வைத்தார், மிரளவும் வைத்தார். ஆனாலும் அவரைப் பட்டாபி என்று கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு. முதலில் 2000-களின் தொடக்கத்தில் வந்த அந்தத் தொடர் 2014-ல் மறுபடியும் வந்தபோது, ஜனங்கள் விட்ட இடத்திலிருந்து சிரித்தார்கள். கவிதாலயா தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ இன்னொரு வகை. முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும் நடித்தார்கள், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். ஜோடியே மாறியும் அந்த வீட்டுச் சண்டையின் ருசி மாறவில்லை. நடிகர்கள் மாறும்போது ருசியைக் காப்பாற்றுவது எழுத்தும் இயக்கமும் அவற்றைச் சுற்றி நிற்கும் ஆட்களும்தான்.

அச்சு அசலாக இருந்தால்தான் கேலி

விஜய் டிவியில் 2003-ல் தொடங்கிய ‘லொள்ளு சபா’வை ராம்பாலா இயக்கினார். சந்தானம், ஜீவா, மனோகர், சுவாமிநாதன், சேஷு என்று ஒரு பட்டாளமே அதிலிருந்து வெளியே வந்தது. பெரும்பாலும் வாரம் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு கேலி செய்வார்கள். பார்க்கிறவர்களுக்கு நடிகர்களின் குறும்பு தெரியும். எங்களைப் போன்றவர்களின் கண் வேறு இடத்துக்குப் போகும்.

கேலி என்பது முதலில் நகல். அசல் படத்தில் நாயகன் மஞ்சள் சுவர் முன்னால் கட்டம் போட்ட சட்டையில் நின்றிருந்தால், இங்கேயும் அந்த மஞ்சளும் அந்தக் கட்டமும் வேண்டும். கேமரா அதே உயரத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வர வேண்டும். அத்தனையும் பொருந்திய பிறகு ஒரே ஒரு இடம் கோணலாகும்போதுதான் சிரிப்பு வெடிக்கும். நகல் சரியில்லை என்றால், எந்தப் படத்தைச் சொல்கிறார்கள் என்றே புரியாது. சினிமாக்காரர்கள் மாதக்கணக்கில், கோடிக்கணக்கில் செய்ததை ஒரு தொலைக்காட்சி யூனிட் சில நாட்களில், வாடகைத் துணியிலும் தெர்மாகோலிலும் செய்துகாட்ட வேண்டும். அந்த யூனிட்டில் சின்ன வேடங்களில் தலைகாட்டியபடியே திரைக்குப் பின்னால் எழுத்து வேலையிலும் கைகொடுத்தவர்தான் யோகி பாபு. கேமராவுக்கு அந்தப் பக்கம் முழுதாகப் போவதற்கு முன்னால் இந்தப் பக்கத்திலும் நின்ற கால்கள் அவை.

பக்கத்தில் நின்று சொல்பவர்

தமிழ்த் தொடர்களின் படப்பிடிப்பை முதல்முறை பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவது பிராம்ப்டிங்கைப் பார்த்துத்தான். வசனப் பேப்பர் பல நாட்களில் நேராக ஸ்பாட்டுக்கே வரும். மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. உதவி இயக்குநர் ஃப்ரேமுக்கு வெளியே, நடிகரின் காதுக்கு எட்டும் தூரத்தில் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். அதைக் கேட்டு நடிகர் பேசுவார். பின்னால் டப்பிங்கில் குரல் சேரும் என்பதால் பிராம்ப்டர் குரல் பதிவானாலும் பிரச்னை இல்லை.

அழுகைத் தொடரில் இது ஓரளவு சுலபம். அங்கே இடைவெளி விழுந்தால் அதையும் துக்கமாக்கிவிடலாம். காமெடியில் அரை மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் காட்சி படுத்துவிடும். ஒரு காட்சி சொல்கிறேன். வாடகை பாக்கி வைத்திருக்கும் குடித்தனக்காரர், வசூலுக்கு வந்த ஓனருக்குக் காபி கொடுக்கிறார். ஓனர் ஒரு வாய் குடிக்கிறார். டம்ளரைப் பார்க்கிறார். குடித்தனக்காரரின் முகத்தைப் பார்க்கிறார். அப்புறம்தான் வசனம்: “இது எங்க வீட்டுச் சர்க்கரைதானே?”

இங்கே சிரிப்பு இருப்பது அந்த இரண்டு பார்வைகளில். அவர் டம்ளரைப் பார்க்கும்போதே நான் வரியைக் கொடுத்துவிட்டால், அவருடைய காது என் பக்கம் திரும்பும். காது திரும்பினால் கண் ஒரு துளி ஆடும். கேமராவில் அந்த ஆட்டம் பளிச்சென்று தெரியும். ஆகவே டம்ளர், முகம் இரண்டும் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்து அவர் புருவம் இறங்குகிற நேரத்தில் “இது எங்க வீட்டு” என்று மட்டும் கொடுக்க வேண்டும். மீதி தானாக வரும். கொடுக்கிற குரலில் உணர்ச்சியே இருக்கக் கூடாது. நான் இழுத்துச் சொன்னால் அவரும் இழுத்துவிடுவார். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த அசோசியேட் முதல் நாளே சொல்லிவிட்டார்: “நீ நடிக்காதம்மா. வார்த்தைய மட்டும் குடு. நடிக்கிறது அவரு பாடு.”

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வட்டாரத்தில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாருக்குமே புதிதாக இருக்காது. கூவாகம் எங்கள் உளுந்தூர்பேட்டை வட்டத்து ஊர். சித்திரையில் அங்கே கூத்தாண்டவர் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வேஷக்காரர் முன்னால் ஆடுவார். ஆர்மோனியம், மிருதங்கம், தாளத்தோடு பின்பாட்டுக்காரர்கள் பின்னால் இருப்பார்கள். வேஷக்காரர் ஒரு அடி பாடிவிட்டுச் சுழன்று ஆடும்போது, அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, பின்பாட்டு அந்த அடியை ஏந்திக்கொள்ளும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து நிற்பான். ராஜாவைப் பார்த்து ஊர்ப் பேச்சில் கேள்வி கேட்பான். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராததையும் பாரதக் கதைக்குள்ளே கொண்டுவந்துவிடுவான். தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரே கதையை வருஷா வருஷம் ஆடியும் சலிக்காமல் சிரிக்க வைத்த தொடர் அது. முன்னால் நிற்பவரைப் பின்னால் இருப்பவர் தாங்குவது என்னும் பாடத்தை நான் அங்கேதான் படித்தேன்.

சிரிக்கக் கூடாத இடம்

அமெரிக்காவில் 1951-ல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது, மூன்று பிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரே ஜனங்களை உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற ஒளிப்பதிவாளர் மூன்று கேமராவுக்கும் பொருந்துகிற மாதிரி ஒளி அமைத்தார். அங்கே நடிகர்களுக்குச் சிரிப்பு உடனே காதில் விழுந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தச் சிரிப்பே சொன்னது. எதிரே ஆள் இல்லாமல் எடுத்த தொடர்களுக்காக, சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்புகளைத் தட்டினால் ஒலிக்கும் ஒரு பெட்டியையே செய்தார்.

எங்கள் ஷூட்டிங் வீட்டில் எதிரே யாரும் இல்லை. வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீடு. ஹாலில் விளக்குச் சூடு. ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடி ஷாட் ஜம்ப் ஆகிவிடும் என்பதால் ‘டேக்’ என்றதும் அதையும் நிறுத்திவிடுவார்கள். யூனிட் ஆள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால் நடிகரும் சிரித்துவிடுவார், டேக் போய்விடும். எனவே சிரிப்பை உண்டாக்குகிற இடத்தில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்போம்.

அப்படியானால் ஒரு வசனம் எடுபடுமா என்று எப்படித் தெரியும்? எங்கள் இயக்குநருக்கு ஒரு வழி இருந்தது. ரிகர்சலின்போது அவர் நடிகரைப் பார்க்க மாட்டார். மேலே ஸ்டூலில் நின்று விளக்கைப் பிடித்திருக்கும் லைட்மேனைப் பார்ப்பார். அவர் காலையிலிருந்து அதே காட்சியைப் பல கோணங்களில் கேட்டவர், வெயிலிலும் சூட்டிலும் களைத்தவர், கதையைப் பற்றிக் கவலைப்படாதவர். அவர் உதடு கோணினால் வசனம் பாஸ். அவர் கொட்டாவி விட்டால் ஸ்கிரிப்ட் பேப்பர் எழுத்தாளரிடம் திரும்பிப் போகும். எந்தச் சேனலின் மதிப்பீட்டு அறிக்கையைவிடவும் நான் நம்பிய அளவுகோல் அந்த லைட்மேன்.

தேதி கிழிக்கிற வேலை

வாரம் ஒரு எபிசோடு என்றால் வாரம் ஒன்று எடுப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நடைமுறையில் மாதத்தில் சில நாட்கள் ஷெட்யூல் போட்டு, பல எபிசோடுகளைச் சேர்த்து எடுப்போம். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கால்ஷீட். சமையலறையில் லைட் கட்டியாகிவிட்டால், மூன்று எபிசோடுகளின் சமையலறைக் காட்சிகளும் அன்றைக்கே முடிந்துவிடும். ஆகவே நடிகை காலையில் மருமகளோடு சண்டை போடுவார், பதினோரு மணிக்குச் சமாதானம் ஆகிவிடுவார், சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சண்டையின் தொடக்கம் வரும்.

இந்தக் குழப்பத்தைக் குழப்பமில்லாமல் காட்டுவதற்குப் பெயர் கண்டினியூட்டி. எந்தச் சேலை, முந்தானை செருகியதா தொங்குகிறதா, கரண்டி எந்தக் கையில், குக்கர் மூடியிருந்ததா என்று ஒவ்வொன்றையும் எழுதி வைப்போம். எனக்கு மிகவும் பிடித்த பொறுப்பு ஹாலில் தொங்கும் தினசரி நாள்காட்டி. டிசம்பரில் எடுக்கும் எபிசோடு பொங்கலுக்கு ஒளிபரப்பாகும். சுவரில் மார்கழித் தேதி தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே புது வருஷக் காலண்டர் கடைக்கு வந்ததுமே இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்த எபிசோடின் தேதி வரைக்கும் தாளைக் கிழிக்க வேண்டும். கதை பின்னோக்கிப் போனால் அடுத்த காலண்டரை மாட்ட வேண்டும். அந்தத் தேதியை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். நீங்கள் கவனிக்காமல் இருப்பதற்குத்தான் அந்த வேலை.

படப்பிடிப்பு முடிந்ததும் எடிட் சூட். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். ஐந்து ஃப்ரேம் என்றால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. சர்க்கரை வசனத்துக்குப் பிறகு குடித்தனக்காரரின் முகத்துக்கு எப்போது வெட்டுவது என்று எங்கள் எடிட்டர் ஐந்து ஃப்ரேம் கூட்டிப் பார்ப்பார், குறைத்துப் பார்ப்பார். சீக்கிரம் வெட்டினால் வசனம் நடுவில் நறுக்கியது போல் இருக்கும். தாமதமானால் நடிகர் சிரிப்புக்காகக் காத்திருப்பது தெரிந்துவிடும். நடுவே ஒரு இடம் இருக்கிறது. அதைத் தேடி அவர் காபி குடிக்காமல் உட்கார்ந்திருந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆள் போனால் என்ன செய்வது

நீண்ட நாள் ஓடினால் நடிகர்கள் போவார்கள். சினிமா வாய்ப்பு வரும், கல்யாணம் நடக்கும், உடம்பு முடியாமல் போகும். குடும்பத் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போட்டுவிட்டுப் போகலாம். இரண்டு வாரத்தில் ஜனங்கள் பழகிவிடுவார்கள். காமெடியில் ஜனங்கள் சிரிப்பது ஒருவருடைய நடைக்கும் குரலுக்கும் முழிக்கும். அதே வசனத்தை வேறு ஒருவர் பேசினால் வசனம் மட்டுமே மிஞ்சும்.

2008 ஜூலையில் தொடங்கி 4,000 எபிசோடுகளைத் தாண்டிய இந்தித் தொடர் ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’வுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. தயா பாத்திரத்தில் நடித்த திஷா வகானி 2017-ல் மகப்பேற்று விடுப்பில் போனார். அந்த இடத்தில் வேறு ஒருவரைப் போடாமலே ஆண்டுக்கணக்கில் கதையை ஓட்டினார்கள். வீட்டின் முக்கியமான ஆளே இல்லாமல் வீட்டுக் கதையை நடத்துவது எவ்வளவு பெரிய எழுத்து வேலை என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் தொடரில் அப்படி ஒருவர் விலகியபோது, வேறு ஆளைக் கொண்டுவந்து அதே சேலையைக் கட்டவைக்கலாம் என்றார்கள். எழுத்தாளர் மறுத்துவிட்டார். அந்தப் பாத்திரத்தை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு நேர் எதிரான குணத்தில் புதிய பாத்திரம் ஒன்றை எழுதினார். பழையவரோடு ஒப்பிடவே யாருக்கும் வழியில்லை. அந்த முடிவால்தான் தொடர் தப்பித்தது என்று இன்றும் நம்புகிறேன்.

பெயர்கள்

இந்த வேலைக்கு வர நினைக்கும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருநாவலூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சம்பளம் நேரத்துக்கு வராது. எனக்கு வர வேண்டிய பாக்கியை ஒரு நிறுவனம் தராமலே கடையை மூடிவிட்டது. எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பெண் பிள்ளைகள் வேலை கேட்கும்போதே, இரவு பேக்கப்புக்குப் பிறகு வீடு சேர வண்டி உண்டா என்பதையும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டு வாங்கியவர்களால்தான் அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது.

வாசகர்களிடமும் சேனல்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த ஒரே பொது அங்கீகாரம், எபிசோடு முடிவில் ஓடும் பெயர்கள். அதையும் விளம்பரத்துக்கு இடம் விட்டு வேகமாக ஓட்டுவார்கள். இப்போது பழைய நகைச்சுவைத் தொடர்கள் யூடியூபில் துண்டு துண்டாக வருகின்றன. புதிய தலைமுறை விழுந்து விழுந்து சிரிக்கிறது. மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வெட்டும்போது முதலில் போவது அந்தப் பெயர்கள்தான். நடிகரின் முகம் நிற்கிறது. அவருக்கு வரி எழுதியவர், குரல் கொடுத்தவர், ஐந்து ஃப்ரேமுக்காக விழித்திருந்தவர் எல்லோரும் காணாமல் போகிறார்கள். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களின் பிள்ளைகள் “எங்கப்பா செஞ்ச வேலை இது” என்று காட்டுவதற்கு வேறு ஆதாரமும் இல்லை.

பழைய எபிசோடுகளை ஏற்றும் சேனல்களும் தயாரிப்பாளர்களும், வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பில் அந்த முழுப் பெயர்ப் பட்டியலையும் எழுதிவிடுங்கள். இயக்குநரிலிருந்து புரொடக்‌ஷன் உதவியாளர் வரை ஒருவரையும் விடாமல் எழுதுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும், செலவு ஒரு பைசா இல்லை. சேனல் எழுதவில்லை என்றால், வாசகர்களே, நீங்கள் கேளுங்கள்.